புதுப்பிப்பு: லாட்டர்புரூனென் பள்ளத்தாக்கு நடை

பரீட்சை முடிந்ததும் சுவிட்சர்லாந்தில் ஒரே நாளில், அதிகச் செலவில்லாமல் எங்கே நடக்கலாம் என்று முன்பு கேட்டிருந்தேனே, பலரும் சொன்ன லாட்டர்புரூனெனுக்கே போய்வந்தேன். பள்ளத்தாக்கின் கோடியிலுள்ள ஷ்டெகல்பெர்க் கிராமம் வரை பாதை கிட்டத்தட்ட சமதளம், பேசிக்கொண்டே நடக்கலாம். சுமார் 300 மீட்டர் உயரத்திலிருந்து விழும் ஷ்டாப்பாக் அருவி கீழே வருவதற்குள் பாதி காற்றிலேயே தூளாகிவிடுகிறது. ஆனால் என்னை அசத்தியது ட்ரூமெல்பாக் அருவிதான்: ஐகர், மோங்க், யுங்ஃபிராவ் சிகரங்களிலுள்ள பனியாறுகளின் உருகுநீர் மலையைக் குடைந்துகொண்டு உள்ளுக்குள்ளேயே இறங்குகிறது, வினாடிக்கு 20,000 லிட்டர் வரை போகுமாம், பக்கத்தில் நிற்பவர் கத்தினாலும் காதில் விழாது. நுழைவுக் கட்டணம் உண்டு (மாணவனாக இருந்தும் சொல்கிறேன், தாராளமாகக் கொடுக்கலாம்). அப்புறம் கிம்மல்வால்ட் என்ற மலைக்கிராமத்துக்கு ஏற்றம், அங்கேதான் முழங்கால் கெஞ்சியது. போகிறவர்களுக்கு ஒன்று: மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளில் போட்டிருப்பது நடைநேரம், ஓய்வு அதில் சேராது, நீங்களே கூட்டிக்கொள்ளுங்கள்.