முதலாளி என்னை மட்டும்தான் நம்புகிறார், அதுதான் பயமாக இருக்கிறது

கேட்டவர்: உம்லாங்கா கணக்கர்

வணக்கம். சொந்த ஊர் பாளையங்கோட்டை. தென்னாப்பிரிக்காவில், டர்பனில் ஒரு கம்பெனியில் கணக்குப் பார்க்கிறேன். எந்தக் கம்பெனி என்று கேட்க வேண்டாம், இங்கே நம் ஆட்கள் எல்லாரும் எல்லாருக்கும் ஏதோ ஒரு வகையில் சொந்தம்.

முதலாளிக்கு அறுபதை ஒட்டிய வயது. கரும்புத் தோட்ட வேலைக்கு வந்தவர்களின் நாலாவது தலைமுறை. சாட்ஸ்வொர்த்தில் வளர்ந்தவர், இன்று உம்லாங்காவில் கடலைப் பார்த்த வீடு. கோயில் கமிட்டித் தலைவரும் அவர்தான். காவடி அன்று வேட்டியோடு வாசலில் நின்று வருகிற ஒவ்வொருவரையும் பெயர் சொல்லிக் கூப்பிடுவார். பார்ப்பவர்களுக்கு ராஜா மாதிரி.

2021 ஜூலை கலவரத்தில் மொபேனியில் இருந்த கிடங்கைத் துடைத்து எடுத்துவிட்டார்கள். கலவரச் சேதத்துக்கான அரசு காப்பீடு சாஸ்ரியாவில் பணம் வந்தது, அது பிரச்சினை இல்லை. கேட்டைத் திறந்துவிட்டது வெகுகாலம் கூடவே இருந்த மேனேஜர் என்று பிறகு தெரிந்தது. அவர் மகள் கல்யாணத்துக்கு இவர்தான் ஹால் எடுத்துக் கொடுத்தவர். அடுத்த ஏப்ரலில் வெள்ளம் வந்து பிராஸ்பெக்டன் கிடங்கும் போனது. வெள்ளத்தை அவர் மறந்தேவிட்டார். மேனேஜரை மறக்கவில்லை.

இப்போது சாயங்காலம் வேலை முடிந்ததும் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் காரை அணைத்துவிட்டு உள்ளேயே உட்கார்ந்திருக்கிறார். போனில் கிடங்குக் கேமராக்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்ப்பார். நான் கண்ணாடியைத் தட்டினால்தான் நிமிர்வார். ராத்திரி பதினோரு மணிக்கு மேல் எனக்கு போன். கணக்கு கேட்க இல்லை. "அவனை நம்பலாமா, இவன் ஏன் இன்று சிரித்தான்" என்று போகும். மனைவியிடம் பேசுவதில்லை, மைத்துனர்கள் பங்குதாரர்கள் என்பதால் பேச்சு அங்கே போய்விடுமாம். டாக்டரிடமும் போக மாட்டார். பேங்க் கடனுக்கு சொந்த ஜாமீன் கையெழுத்து போட்டிருக்கிறார், 'மனசு சரியில்லை' என்ற பேச்சு கிளம்பினால் கடனை இறுக்குவார்கள் என்று பயம்.

போன வாரம் கேட்டார்: "தம்பி, நான் சம்பளம் கொடுக்காவிட்டால் நீ போனை எடுப்பாயா?" ஆங்கிலத்தில்தான் பேசுவார், 'தம்பி' மட்டும் தமிழ். எனக்கு வாய் வரவில்லை. விசா, வீட்டு வாடகை எல்லாம் அவர் கையில். நான் அவருக்கு என்ன சொல்ல முடியும்? யாராவது அனுபவப்பட்டவர்கள் இருக்கிறீர்களா?

பதில்: மரிட்ஸ்பர்க் லாரிக்காரன்

கோபிக்க வேண்டாம். அதே ஜூலையில் மூய் ரிவர் பக்கம் என்3 ரோட்டில் லாரிகளை எரித்தபோது எங்கள் டிரைவர் ஒருவன் கண்ணால் பார்த்தான். இன்றைக்கும் அந்த டோல்கேட் வந்தால் அவன் கை நடுங்கும். அவனிடம் யார் வந்து 'மனசு எப்படி இருக்கிறது' என்று கேட்டார்கள்? கடல் பார்த்த வீட்டுக்காரருக்கு மட்டும் ஆலோசனை. உங்களுக்கு என் ஆலோசனை: ராத்திரி போனை அணைத்து வையுங்கள்.

பதில்: சாட்ஸ்வொர்த் சாந்தி

லாரிக்கார அண்ணா சொல்வதில் நியாயம் இருக்கிறது, டிரைவரையும் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போங்கள். ஆனால் இந்த முதலாளியை எனக்குத் தெரியும். அதாவது இவரை இல்லை, இந்த மாதிரி ஆளை. என் அப்பாவும் கோயில் தலைவராக இருந்தவர். வீடு நிறைய ஆட்கள் வருவார்கள். ஒருத்தருக்கு நன்கொடை ரசீது, ஒருத்தருக்குப் பையனுக்கு வேலை, ஒருத்தருக்கு ஹால் புக்கிங். சும்மா வந்தவர் என்று ஒருத்தரும் கிடையாது. அம்மா டீ போட்டுப் போட்டே ஓய்ந்துபோனார்.

அப்பாவை மீட்டது அவரோடு பள்ளியில் படித்த ஒரு அங்கிள். ரிட்டயரான பஸ் டிரைவர். அப்பாவிடம் அவருக்கு எதுவும் தேவைப்படவில்லை, முகத்துக்கு நேராகத் திட்டுவார். 'உளறாதே, சாப்பிடு' என்பார். அந்தச் சொல்லை நாங்கள் யார் சொன்னாலும் அப்பா சண்டைக்கு வந்திருப்பார். உங்கள் முதலாளிக்கும் பணம் வருவதற்கு முந்தின காலத்து ஆள் யாராவது இருப்பார். தேடுங்கள். புரட்டாசியில் எல்லாரும் விரதம் இருக்கிற சாக்கில் ஒரு மரக்கறிச் சாப்பாட்டுக்குக் கூப்பிடலாம்.

பதில்: ஜோபர்க் சைக்காலஜிஸ்ட்

இங்கே பதிவு பெற்ற கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் நான். உங்கள் முதலாளியை நான் பார்க்கவில்லை, அதனால் இன்ன நோய் என்று பெயர் வைக்க மாட்டேன். மேனேஜர் ஏமாற்றியது நிஜமாக நடந்தது, எனவே அவருடைய சந்தேகம் காரணம் இல்லாமல் வந்ததல்ல. ஆனால் தூக்கம் போய், சிரிப்பைக்கூடச் சந்தேகிக்கும் அளவுக்கு வந்தால் தள்ளிப்போடக் கூடாது.

பெரிய பதவியில் இருப்பவர்களுக்கு உதவி பக்கத்திலேயே இருக்கும் என்று நினைக்கிறோம். 2018 ஜூலையில் கேப் டவுன் பல்கலைக்கழக மருத்துவப் புலத்தின் டீன், பேராசிரியர் போங்கானி மயோசி உயிரை மாய்த்துக்கொண்டார். நாட்டின் முக்கியமான இதய மருத்துவர், சுற்றிலும் டாக்டர்கள். அவர் மனச்சோர்வோடு போராடியதை அவர் குடும்பமே வெளியில் சொன்னது.

ரகசியத்தைப் பற்றி: சைக்காலஜிஸ்ட் பேங்கிடம் பேச முடியாது. உடல்நல விவரம் இங்குள்ள தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டமான 'போப்பியா'வில் தனிப் பாதுகாப்பு உள்ள தகவல். உயிருக்கு ஆபத்து, கோர்ட் உத்தரவு மாதிரி விதிவிலக்குகள் சில உண்டு, அவற்றை முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவோம். மெடிக்கல் எய்டில், அதாவது தனியார் மருத்துவக் காப்பீட்டில், கிளைம் போட்டால் நோய்க்கான குறியீட்டு எண் அதில் போகும், மன நோய்களுக்கு 'எஃப்' என்ற எழுத்தில் தொடங்கும். வேண்டாமென்றால் சொந்தக் காசைக் கொடுக்கலாம், அவரிடம் இருக்கிறது. லாரிக்காரர் கவனத்துக்கு: கடுமையான மனச்சோர்வுக்கு எல்லா மெடிக்கல் எய்டும் கொடுத்தே ஆக வேண்டிய குறைந்தபட்சப் பலனில், ஆஸ்பத்திரியில் சேராதவர்களுக்கு வருடத்துக்கு 15 சந்திப்புகள் வரை உண்டு. உங்கள் டிரைவருக்கு மெடிக்கல் எய்ட் இல்லாவிட்டால் பக்கத்து அரசு கிளினிக்கில் ஆரம்பியுங்கள்.

'எல்லாம் போதும்' என்கிற மாதிரி முதலாளி எப்போதாவது பேசினால், சாவதைப் பற்றி யோசிக்கிறீர்களா என்று நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. மனச்சோர்வு, பதற்றம் உள்ளவர்களுக்கு உதவும் சடாக் அமைப்பின் 0800 567 567 எண் 24 மணி நேரமும் இயங்கும்.

கேட்டவர்: உம்லாங்கா கணக்கர்

நன்றி. சாந்தி அக்கா, ஒருத்தர் இருக்கிறார். மெர்பேங்கில் மரவேலை செய்கிறவர், தீபாவளிக்கு மட்டும் வருவார், முதலாளியை 'டேய்' என்று கூப்பிடும் ஒரே ஆள். அவரிடம் பேசிப் பார்க்கிறேன்.

சம்பளக் கேள்விக்கு உண்மையைச் சொல்லிவிட்டேன்: "ராத்திரி பதினோரு மணிக்கு எடுக்க மாட்டேன் சார், காலையில் எடுப்பேன்." சிரித்தார், பிறகு கொஞ்ச நேரம் பேசவில்லை. டாக்டர் பேச்சை எடுத்தேன், போகமாட்டேன் என்று இந்தத் தடவை சொல்லவில்லை.

ஒரு சிக்கல். கிளைம் போட்டால் ஸ்டேட்மென்ட் அவர் மெயிலுக்குத்தானே வரும்? அந்த மெயிலைத் தினமும் திறப்பவன் நான்தான்.

பதில்: ஜோபர்க் சைக்காலஜிஸ்ட்

மெடிக்கல் எய்டுக்கு அவரே போன் செய்து, தனக்கு மட்டும் தெரிந்த வேறு மெயில் முகவரியைக் கொடுக்கட்டும். அந்த போனை நீங்கள் போட்டுக் கொடுக்காதீர்கள். மனைவி அதே திட்டத்தில் சேர்ந்திருந்தால், அவருக்கு என்னென்ன விவரம் தெரியும் என்பதையும் அதே பேச்சில் கேட்டு வைத்துக்கொள்ளட்டும்.