மலிவு டேப்லெட்டை கேபிள்ல மாட்டி சிஎன்சிக்கு டச் ஸ்கிரீனா ஓட்டலாமா?

மரத்தூள்:
என் சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்றபடி வெட்டுற மிஷின்) மோட்டாரை ஓட்டுறது ஆர்டுயினோ போர்டுல இருக்கிற ஜிஆர்பிஎல் 1.1 சாஃப்ட்வேர், அதுக்கு மேல ராஸ்பெரி பை 4-ங்கிற குட்டி கம்ப்யூட்டர்ல சிஎன்சிஜேஎஸ் (பிரவுசர் வழியா மிஷினை ஓட்டுற சாஃப்ட்வேர்). இப்ப ஃபோன்ல வைஃபை வழியா திறந்துதான் ஓட்டுறேன், ஸ்பிண்டில் (வெட்டுற பிட்டைச் சுத்துற மோட்டார்) ஆன் பண்ணதும் வைஃபை படுத்துக்குது, ஸ்கிரீன் அப்படியே நின்னுடும் ஆனா மிஷின் பாட்டுக்கு வெட்டிக்கிட்டு இருக்கும், வயித்தைக் கலக்குது. டச் மானிட்டர் விலைக்கு கட்டுப்படியாகல. மலிவா ஒரு ஆண்ட்ராய்டு டேப்லெட் எடுத்து வெறும் யூஎஸ்பி கேபிள்ல ஓட்ட வழி இருக்கா?

கேபிள்காரன்:
இருக்கு ப்ரோ, சுலபம்தான். டேப்லெட்ல பில்ட் நம்பரை 7 தடவை தட்டினா டெவலப்பர் ஆப்ஷன் வரும், அதுல யூஎஸ்பி டீபக்கிங், கூடவே ஸ்டே அவேக் ரெண்டையும் ஆன் பண்ணுங்க. பை-ல ஏடிபி (கேபிள் வழியா ஆண்ட்ராய்டுகிட்ட பேசுற டூல்) இன்ஸ்டால் பண்ணி ஏடிபி ரிவர்ஸ் கமாண்டுல ரெண்டு பக்கமும் 8000 போர்ட்டை குடுங்க (சிஎன்சிஜேஎஸ் டிஃபால்ட்டா அதுலதான் நிக்கும்). அப்புறம் டேப்லெட் பிரவுசர்ல லோக்கல்ஹோஸ்ட் 8000-னு அடிச்சா பை-ல ஓடுற பக்கம் கேபிள் வழியாவே வந்துடும். வைஃபையை ஆஃப் பண்ணிட்டே செஞ்சு பாருங்க, அப்பதான் உண்மையிலேயே கேபிள்லதான் வருதான்னு தெரியும்.

ஒண்ணு, பை 4-ல எல்லா யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேர்த்தே 1.2 ஆம்ப்தான். பிரைட்னஸ் ஃபுல்லா வெச்சா சார்ஜ் ஏறாம இறங்க ஆரம்பிச்சுடும். தனி அடாப்டர் உள்ள ஹப் நடுவுல போடுங்க.

பழைய ஃபிட்டர்:
தம்பி, ஸ்கிரீன்ல இருக்கிற ஸ்டாப் பட்டனை நம்பி மட்டும் நிக்காதீங்க. பிரவுசர் தொங்கலாம், கேபிள் ஆடலாம். சிவப்பு காளான் பட்டன் (எமர்ஜென்சி ஸ்டாப்) ஒண்ணு தனி ஒயர்ல போட்டு ஸ்பிண்டில் பவரையும் மோட்டார் பவரையும் அதுவே நேரா வெட்டணும், நடுவுல எந்த சாஃப்ட்வேரும் வரக்கூடாது. ஜாக் பண்றதும் (பட்டன் தட்டி மிஷினை நகர்த்துறது) அழுத்திப் பிடிச்சு ஓட்டுற மாதிரி வேண்டாம், விரலை எடுத்த சேதி போய்ச் சேரலைன்னா ஓடிக்கிட்டே இருக்கும். ஒரு தட்டுக்கு 1 மில்லிமீட்டர், 10 மில்லிமீட்டர்னு ஸ்டெப்பா வெச்சுக்கோங்க.

உங்க வைஃபையை படுக்க வெச்ச அதே நாய்ஸ் (ஸ்பிண்டில் கிளப்புற மின் இரைச்சல்) யூஎஸ்பியையும் சும்மா விடாது, டேப்லெட் கேபிளைவிட ஆர்டுயினோ கேபிள் அறுந்தாதான் வேலையே கெடும். ஷீல்டு உள்ள குட்டை கேபிள், நாய்ஸை அடக்குற ஃபெரைட் வளையம், ஸ்பிண்டில் ஒயரை விட்டு நல்லா தள்ளி. 5 மீட்டருக்கு மேல இழுக்கவே இழுக்காதீங்க.

மரத்தூள்:
ரொம்ப நன்றி அண்ணா, ப்ரோ. ரிவர்ஸ் போட்டேன், ஸ்பிண்டில் ஓடும்போதும் பக்கம் நிக்குது!! ஆனா கேபிளை கழட்டி மாட்டினா மறுபடி கமாண்டு அடிக்க வேண்டியிருக்கே? கிளவுஸ் போட்டா டச்சும் எடுக்கல.

கேபிள்காரன்:
ஆமா, கனெக்‌ஷன் போனா ரிவர்ஸும் போயிடும். சில செகண்டுக்கு ஒருக்கா அதே கமாண்டை திரும்ப அடிக்கிற சின்ன ஸ்கிரிப்ட் போட்டு பை பூட் ஆகும்போதே ஓட விடுங்க, நான் அப்படித்தான் வெச்சிருக்கேன். ஸ்பிண்டில் சுத்தும்போது கிளவுஸே போடாதீங்க ப்ரோ, இழுத்துடும். அப்புறம் வேலை முடிஞ்சதும் ஹப்பையும் ஆஃப் பண்ணிடுங்க, ராப்பகலா 100-லயே சார்ஜ்ல கிடந்து என் முதல் டேப்லெட் பேட்டரி உப்பி ஸ்கிரீனையே தூக்கிடுச்சு.