வாடகை ஏற ஏற ஆட்களுக்குப் பிடிக்கிறதாம்: மாதிரியில் எங்கே கோளாறு?

பீளமேட்டான்:
வணக்கமுங்க. கோவையில் வேலைக்குப் போகிறவர்கள் எந்தப் பகுதியில் வீடு பிடிக்கிறார்கள் என்று லாஜிட் மாதிரி (பல தெரிவுகளில் ஒன்றை ஒருவர் எடுக்கும் வாய்ப்பைக் கணிக்கும் புள்ளியியல் முறை) போடுகிறேன். மாநகராட்சியின் 100 வார்டுகளும் தெரிவுகள். வார்டின் சராசரி வாடகை, வேலையிடத்துக்கான பயண நேரம், இரண்டும் மாறிகள். பயண நேரத்தின் குறி எதிர்மறை (நேரம் கூடினால் அந்த வார்டை எடுக்கும் வாய்ப்பு குறைகிறது), சரி. வாடகைக்கு நேர்மறை வருகிறது! கைடிடம் என்ன சொல்ல? போதாக்குறைக்கு, 100 வார்டையும் கொடுத்தால் லேப்டாப் படுத்துவிடுகிறது.

கணக்கு வாத்தியார்:
தம்பி, இந்தத் தலைவலி பலருக்கும் வருவதுதான். ஆட்களுக்குப் பிடித்தது வாடகை இல்லை, வாடகையை ஏற்றிவிட்ட வேறு ஏதோ ஒன்று. அது உங்கள் மாறிகளில் இல்லை. நம்ம ஊரில் என் முதல் சந்தேகம் தண்ணீர் மேல்தான். "சிறுவாணித் தண்ணி வருமுங்களா?" என்று கேட்டபிறகுதானே அட்வான்ஸ் பேச்சே! சிறுவாணியா, பில்லூரா, வெறும் போர் தண்ணீரா, எத்தனை நாளைக்கு ஒருமுறை விடுகிறார்கள் என்று வார்டுவாரியாகச் சேருங்கள். வாடகையை வருமானத்தால் வகுத்துப் போடுங்கள். வார்டில் உள்ள வீடுகளின் எண்ணிக்கைக்கு லாக் (மடக்கை) எடுத்துச் சேர்ப்பதும் முக்கியம். வீடு அதிகமுள்ள வார்டில் ஆள் அதிகம் குடியேறுவது விருப்பத்தால் மட்டுமல்ல.

லேப்டாப்புக்கு வழி 1978லேயே இருக்கிறது. குடியிருப்புத் தெரிவை மாதிரியாக்கிய டேனியல் மெக்ஃபேடன் (2000இல் நோபல் வாங்கியவர்) காட்டியது இது: ஒவ்வோர் ஆளுக்கும் அவர் குடியிருக்கும் வார்டோடு, மீதியில் பத்துப் பதினைந்தைக் குலுக்கி எடுத்தால் போதும், கெழுக்கள் (மாறிகளின் தாக்கத்தைக் காட்டும் எண்கள்) ஒருபக்கமாகச் சாயாது. சாதாரண லாஜிட்டுக்கு மட்டும்தான் இது. கூடு போட்ட லாஜிட் (ஒன்றுபோன்ற தெரிவுகளைக் குழுவாக்கிப் போடுவது) என்றால் திருத்தம் வேண்டும்.

சூலூர்க்காரி:
சொந்த வீட்டுக்காரர்களையும் சேர்த்திருக்கிறீர்களா?

பீளமேட்டான்:
ஆமாங்க்கா, எல்லோரும் உண்டு.

சூலூர்க்காரி:
கணபதியில் தாத்தா கட்டிய வீட்டில் இருப்பவர் எங்கே வார்டு தேர்ந்தெடுத்தார்? அவரை எடுத்துவிடுங்கள். அண்மையில் வாடகைக்கு மாறியவர்களை மட்டும் வையுங்கள். அப்புறம், கணவருக்குச் சரவணம்பட்டியில் ஐடி வேலை, மனைவிக்குத் திருப்பூர் பனியன் கம்பெனி ஆபீஸில் வேலை என்றால் யாருடைய பயண நேரம்? இரண்டையும் தனித்தனி மாறியாகப் போடுங்கள். அப்படிப்பட்டவர்கள் சூலூர், கருமத்தம்பட்டிப் பக்கம்தான் வீடு பார்ப்பார்கள். அதெல்லாம் மாநகராட்சிக்கு வெளியே, உங்கள் 100க்குள் வரவே வராது.

பீளமேட்டான்:
சொந்த வீட்டுக்காரர்களை எடுத்து, தண்ணீர் விவரம் சேர்த்ததும் குறி எதிர்மறைக்குத் திரும்பிவிட்டது! ஆனால் டி மதிப்பு (முடிவு தற்செயலா இல்லையா என்று பார்க்க உதவும் எண்) போதவில்லை.

கணக்கு வாத்தியார்:
வாடகை வார்டு சராசரி என்கிறீர்களே, அதனால் இருக்கும். ஒரே வார்டில் மெயின் ரோட்டு வீட்டுக்கும் சந்துக்குள் இருக்கும் லைன் வீட்டுக்கும் ஒரே வாடகையா? படுக்கையறை எண்ணிக்கைவாரியாகப் பிரித்து ஓட்டிப் பாருங்கள்.