ஹாரர் கேமில் தோட்டாக் கணக்கு உதைக்கிறது, யோசனை சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. கோடோ என்ற கேம் உருவாக்கும் மென்பொருளில் சின்னதாக ஒரு சர்வைவல் ஹாரர் கேம் செய்துகொண்டிருக்கிறேன். பாழடைந்த மருத்துவமனை, ஒரு கைத்துப்பாக்கி, துரத்திவரும் ஒரே ஒரு உருவம். தோட்டாவைக் குறைத்தால் ஆடிப் பார்ப்பவர்கள் கடுப்பாகி மூடிவிடுகிறார்கள். கூட்டினால் சிரித்துக்கொண்டே சுடுகிறார்கள்.

1996இல் வந்த முதல் ரெசிடென்ட் ஈவில் கேமில் கிறிஸ் பாத்திரமாக ஆடினால் 6 பொருள் வைக்கத்தான் இடம், ஜில்லாக ஆடினால் 8. சேவ் செய்யவே மை ரிப்பன் வேண்டும். சாவியை எடுப்பதா, மூலிகையை எடுப்பதா என்று பெட்டி முன்னால் நின்று யோசிக்கும்போதே வயிற்றைக் கலக்கும். பேயே வர வேண்டாம்! அந்தக் கலக்கம்தான் எனக்கு வேண்டும்.

துரத்தும் உருவத்துக்கு 2014இல் வந்த ஏலியன் ஐசோலேஷன் கேமைப் பார்த்து வைத்திருக்கிறேன். அதில் டைரக்டர் என்று ஒரு நிரல்; நாம் எங்கே இருக்கிறோம் என்று அதற்குத் தெரியும். ஏலியனுக்குத் தோராயமாகத் துப்பு மட்டும் கொடுக்கும், மிச்சத்தை ஏலியனே பார்த்தும் கேட்டும் தேட வேண்டும். பதற்றம் அளவுக்கு மீறினால் ஏலியனைக் கொஞ்ச நேரம் விலக்கியும் வைக்கும்.

இந்த விலக்கும் நேரம்தான் எனக்குப் பிடிபடவில்லை. சீக்கிரம் விலக்கினால் சப்பென்று இருக்கிறது, தாமதித்தால் எல்லாரும் அலமாரிக்குள்ளேயே உட்கார்ந்துவிடுகிறார்கள். நேரத்தை வைத்து முடிவு செய்வதா, தூரத்தை வைத்தா? அப்புறம், ரெசிடென்ட் ஈவில் 4 மாதிரி ஆடுபவரின் திறமையைப் பார்த்து ரகசியமாகத் தோட்டாவைக் கூட்டிக் குறைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? டெமோ வேண்டுமானால் அனுப்புகிறேன்.