வெயிலில் ஊதும் பெற்றோல் தாங்கி, இணைப்பில் கசிவு: காபரேற்றரை மாற்றத்தான் வேண்டுமா?

சிம்கோக்கரை:
வணக்கம். ஒன்ராறியோவில் சிம்கோ ஏரியில் மீன்பிடிக்க 14 அடி அலுமினியப் படகு ஒன்று வைத்திருக்கிறேன். படகின் பின்புறத்தில் மாட்டும் வெளியிணைப்பு இயந்திரம் 9.9 குதிரைவலு, ஃபோர் ஸ்ட்ரோக், இன்னொருவரிடம் வாங்கியது. பெற்றோல் தாங்கி 12 லீற்றர் சிவப்புப் பிளாஸ்டிக், புதிது. வெயில் ஏறியதும் தாங்கியின் பக்கங்கள் விம்மிப் புடைக்கின்றன. குழாயைத் தாங்கியில் மாட்டும் இடத்தில் ஈரம் தெரிகிறது. படகின் அடியில் தேங்கிய நீரின்மேல் பெற்றோல் நிறம் நிறமாகப் படர்ந்திருந்தது. கரையில் விட்டுவிட்டுத் திரும்பினால் இயந்திரம் கிளம்ப மறுக்கிறது. மேல்மூடியைத் திறந்தால் ஒரே நெடி. திருத்தும் கடையில் காபரேற்றரை (பெற்றோலைக் காற்றோடு கலக்கும் பாகம்) மாற்றச் சொல்கிறார்கள். பிள்ளைகளும் கூட வருவதால் பயமாக இருக்கிறது. பாதுகாப்புக் குறைபாட்டுக்காக இந்த இயந்திரத்துக்கு மீளப்பெறும் அறிவித்தல் ஏதும் வந்திருந்தால் எப்படி அறிவது? விற்றவர் தனக்குக் கடிதம் எதுவும் வரவில்லை என்கிறார்.

பருத்தித்துறை:
தம்பி, ஊரில் அப்பாவின் படகிலும் இப்படிக் கசியும். புரியில் வெள்ளை ரேப் சுற்றி இறுக்கினால் நின்றுவிடும். தாங்கி ஊதாமல் இருக்க மூடியைக் கொஞ்சம் தளர்த்தி வையுங்கள்.

இயந்திரத்திருத்தம்:
பருத்தித்துறை அண்ணா, கோபிக்க வேண்டாம், இந்த இரண்டையும் தம்பி செய்யக் கூடாது. ஊரில் மண்ணெண்ணெயில் ஓடிய இயந்திரங்களோடு பழகிய கை நமக்கு. மண்ணெண்ணெய் ஏறத்தாழ 38 பாகை செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தீப்பற்றும் அளவுக்கு ஆவி விடும். பெற்றோல் உறைநிலைக்குக் கீழே 40 பாகையிலும் விடும். அந்த ஆவி காற்றை விட மூன்று நான்கு மடங்கு கனம். மேலெழுந்து கலையாமல் படகின் அடியில் போய்த் தங்கும். காற்றில் நூற்றுக்கு ஒன்றரைப் பங்கு கலந்தாலே ஒரு பொறி போதும். மூடியைத் தளர்த்தினால் அந்த ஆவியை நாமே படகுக்குள் இறக்குகிறோம், அலையில் சிந்துவது வேறு. ரேப்பும் உதவாது. மாட்டிக் கழற்றும் இணைப்பில் கசிவை அடைப்பது புரி அல்ல, உள்ளே இருக்கும் றப்பர் வளையம். பிய்ந்த ரேப் துணுக்கு உள்ளே போனால் வால்வு மூடாமல் நிற்கும்.

தம்பி, தாங்கி ஊதுவது பழுது அல்ல. அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் விதிப்படி, 2011 முதல் செய்யப்படும் தூக்கிச் செல்லும் படகுத் தாங்கிகள் உள்ளழுத்தம் 5 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 5 இறாத்தல்) ஆகும்வரை ஆவியை வெளியே விடாமல் மூடியே இருக்க வேண்டும். பழைய தாங்கியின் மூடியில் கையால் திருகித் திறக்கும் காற்றுத் துளை இருந்தது. புதியதில் காற்று தானாக உள்ளே போகும், அந்த அழுத்தம் வரும்வரை வெளியே வராது. குழாயை இயந்திரத்தில் மாட்டியபடி வெயிலில் விட்டால், அந்த அழுத்தமே பெற்றோலைத் தள்ளி, காபரேற்றருக்குள் பெற்றோல் வரத்தை அடைக்கும் மிதவை ஊசியையும் தாண்டி வழியவிடும். உங்கள் இயந்திரம் கிளம்ப மறுப்பது பெரும்பாலும் இதனால்தான். காபரேற்றரை மாற்றினால் புதியதும் இப்படியே வழியும்.

இதற்கென ஒரு வால்வு விற்கிறார்கள். இயந்திரம் உறிஞ்சினால் திறக்கும், தாங்கி தள்ளினால் திறக்காது. தாங்கிக்கும் குழாயின் நடுவே கையால் அழுத்தும் றப்பர்க் கைப்பம்புக்கும் இடையில், அம்புக்குறி இயந்திரத்தைப் பார்க்கும்படி பூட்ட வேண்டும். உங்கள் குழாய் பழையதா? இயந்திர எண்ணெயின் அளவுகோலையும் இழுத்து மணந்து பாருங்கள். பெற்றோல் மணத்தால், அல்லது எண்ணெய் மட்டம் ஏறியிருந்தால், எண்ணெயை மாற்றும்வரை ஓட்டவே வேண்டாம்.

சிம்கோக்கரை:
நன்றி அண்ணா. குழாய் இயந்திரத்தோடு வந்த பழையது. அதில் அப்படி வால்வு எதுவும் இல்லை. எண்ணெயில் மணம் இல்லை, மட்டமும் சரி. ஈரம் இணைப்பின் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுதான் பிடிபடவில்லை.

இயந்திரத்திருத்தம்:
தாங்கியைப் படகிலிருந்து இறக்கித் திறந்த வெளியில் வையுங்கள். அருகில் சிகரெட்டோ வேறு நெருப்போ கூடாது. மூடியை மெல்லத் திருகி அழுத்தத்தைப் போக்கி மீண்டும் மூடுங்கள். குழாயை மாட்டி, கைப்பம்பு இறுகும்வரை அழுத்துங்கள். ஈரத்தைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு இணைப்பையும் வெள்ளைக் கடதாசியால் சுற்றிப் பிடித்தால் எங்கே நனைகிறது என்று தெரியும். பிறகு இணைப்பைக் கழற்றி றப்பர் வளையத்தைப் பாருங்கள்.

சிம்கோக்கரை:
செய்தேன். கடதாசி நனைந்தது குழாய் முனையின் மாட்டியில். வளையம் நெகிழ்வே இல்லாமல் தட்டையாகி, ஒரு பக்கம் மட்டும் பளபளத்தது. விரலால் வளைத்ததும் மயிரிழை போன்ற வெடிப்புகள் வாய் திறந்தன. பம்புக்குப் பக்கத்தில் குழாயும் கல்லுப்போல் இறுகிவிட்டது. வளையத்தை மட்டும் மாற்றினால் போதுமா?

இயந்திரத்திருத்தம்:
போதாது. குழாய், பம்பு, மாட்டிகள் என்று முழுத் தொகுதியையும் மாற்றுங்கள். எதனோல் கலந்த பெற்றோல் பழைய றப்பரைக் கெடுக்கும். வளையத்துக்கு நேர்ந்தது குழாயின் உட்பக்கத்துக்கும் நேர்ந்திருக்கும். புதுக் குழாயின்மேல் ‘B1-15’ என்று அச்சிட்டிருக்கிறதா பாருங்கள். அதன் சுவர் வழியே பெற்றோல் ஆவி மிகக் குறைவாகவே கசியும். இயந்திரப் பக்க மாட்டி நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். ஏறத்தாழப் பொருந்துகிறது என்று எதையும் வாங்க வேண்டாம்.

ஏரிக்காவல்:
மீளப்பெறும் அறிவித்தலைப் பற்றி யாரும் சொல்லவில்லையே, நான் சொல்கிறேன். அமெரிக்கச் சட்டப்படி குறைபாடு தெரிந்தால் உற்பத்தியாளர் தன் செலவில் திருத்த வேண்டும். அந்தக் கடமை தயாரித்த நாளிலிருந்து 10 ஆண்டுகள். வெளியிணைப்பு இயந்திரங்களும் அதில் அடங்கும். ஆனால் கடிதம் போவது முதலில் வாங்கியவருக்கும் உத்தரவாதம் மாற்றப்பட்டவருக்கும். கைமாறி வாங்கிய உங்களை யாருக்கும் தெரியாது. 14 அடிப் படகு, இயந்திரமும் 9.9 என்பதால் கனடாவில் படகு உரிமமும் எடுக்க வேண்டியதில்லை (இவ்வளவு சிறிய படகுக்கு 10 குதிரைவலுவிலிருந்துதான் கட்டாயம்), ஆகவே அரசிடமும் உங்கள் பெயர் இருக்காது.

இயந்திரத்தைப் படகில் பூட்டும் பிடிச்சட்டத்தின் பக்கத்தில் தகடு இருக்கும். அதிலுள்ள மாதிரி எண்ணையும் தொடர் எண்ணையும் படமெடுத்து, அந்த நிறுவனத்தின் முகவரிடம் கொடுத்து, திருத்தாமல் நிற்கும் அறிவித்தல் உண்டா என்று கேளுங்கள். அப்படியே உரிமையாளராக உங்கள் பெயரையும் பதியச் சொல்லுங்கள். அமெரிக்கக் கரையோரக் காவற்படையும் மீளப்பெறல் பட்டியலைப் பொதுவில் வைத்திருக்கிறது. பெற்றோல் தாங்கியைத் தனியே தேடுங்கள். அதைச் செய்தது பெரும்பாலும் வேறு நிறுவனம், இயந்திரத்தின் எண்ணில் அது வராது.

சிம்கோக்கரை:
முகவரிடம் கொடுத்தேன். இயந்திரத்துக்கு நிலுவையில் எதுவும் இல்லை, பெயரையும் பதிந்துவிட்டார்கள். புதுக் குழாயும் வால்வும் பூட்டியாயிற்று, கடதாசி நனையவில்லை. வெயிலில் வைத்தபோது தாங்கி ஊதியது, ஆனால் இயந்திரம் உடனே கிளம்பியது. இனிக் கரையில் விடும்போது குழாயைக் கழற்ற வேண்டுமா?

இயந்திரத்திருத்தம்:
கழற்றுங்கள், வால்வு இருந்தாலும். முதலில் இயந்திரப் பக்கத்தை, பிறகு தாங்கிப் பக்கத்தை. பெற்றோல் நிரப்பும்போதும் தாங்கியைத் தரையில் இறக்கி வைத்தே நிரப்புங்கள். விரிவடைய இடம் வேண்டும், கழுத்துவரை ஊற்றாதீர்கள்.

பருத்தித்துறை:
தம்பி, என்னுடைய தாங்கியும் அதே வகைதான். அந்த வால்வு எங்கே வாங்கினீர்கள்?