புதுப்பிப்பு: நேர்காணலின் கடைசிச் சுற்றுக்குப் போய் வந்தேன்

முன்பு எழுதியதன் சுருக்கம்: சென்னை நிறுவனம் ஒன்றில் பேக்எண்ட் (சர்வரில் இயங்கும் பகுதியை எழுதும்) வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். வீட்டிலேயே செய்து அனுப்பச் சொன்ன புராஜெக்ட்டை முடித்துக் கொடுத்தும் பதில் வரவில்லை.

அப்புறம் திடீரென்று நேரில் வரச் சொன்னார்கள். காரைக்குடியில் விடியற்காலைப் பல்லவனைப் பிடித்து எழும்பூர் போனேன். என் புராஜெக்ட்டை அங்கே யாரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. எல்ஆர்யூ கேஷ் எழுதச் சொன்னார்கள்; அதாவது, இடம் நிரம்பினால் ரொம்ப நேரமாகத் தொடாத டேட்டாவை முதலில் நீக்கும் தற்காலிகச் சேமிப்பு. ஹேஷ் மேப்போடு (பெயரைக் கொடுத்தால் அதற்கான டேட்டாவை நேராக எடுத்துத் தரும் அமைப்பு) இருபக்க லிங்க்டு லிஸ்ட்டை (முன்னும் பின்னும் கோத்த சங்கிலி போன்ற வரிசை) சேர்த்தால், டேட்டா எவ்வளவு கூடினாலும் எடுக்கவும் வைக்கவும் ஆகும் நேரம் கூடாது. அப்படியே எழுதிக் காட்டினேன். முதல் சுற்றிலும் இதே கேள்விதான்! ஒருவர் எடுத்த குறிப்பு அடுத்தவரிடம் போவதே இல்லை.

கடைசியில் எச்ஆர் வந்து, இந்த இடத்துக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டோம் என்றார். எனக்குக் கோபமே இதில்தான். ரயில் ஏறுவதற்கு முன்பே ஒரு போன் செய்திருக்கலாம். வேலை தேடுகிறவருக்கும் நேரமும் செலவும் உண்டு.

அப்பச்சி, "விடுப்பா, அடுத்ததைப் பாரு" என்றார்கள். பார்த்துவிட்டேன். வீட்டிலிருந்தே செய்யும் வேலை ஒன்றுக்குப் பேசினேன். அதே புராஜெக்ட்டைத் திறந்துவைத்து, ஏன் இந்த டேட்டாபேஸ், லோடு கூடினால் எது முதலில் திணறும் என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை முடிவு சொல்வார்கள்.