வாய்ப்பாட்டுக்குப் பாட்டு, பின்னத்துக்கு ஜோக்: பிள்ளைக்குக் கணக்கு வருமா?

மதுரைக்காரி:
என் மகள் ஆறாம் வகுப்பு. பக்கத்துத் தெருவில் ஒரு அக்காவிடம் கணக்கு டியூஷன் போகிறாள். அந்த அக்கா எதற்கும் ஒரு பாட்டோ ஜோக்கோ கைவசம் வைத்திருப்பார். 56 = 7 × 8 என்பதை "அஞ்சு, ஆறு, ஏழு, எட்டு, நாலு பேரும் வரிசை கட்டு" என்று பாடவைத்தார். ஒன்பதாம் வாய்ப்பாட்டுக்கு விரல் மடக்கும் வித்தை. பின்னத்தைப் பின்னத்தால் வகுக்க, "பின்னாடி நிக்கிறவன் குட்டிக்கரணம் போட்டா வகுத்தல் பெருக்கலாயிடும்". அதாவது இரண்டாவது பின்னத்தைத் தலைகீழாக்கிப் பெருக்க வேண்டும்.

இவள் சிரித்துக்கொண்டே போகிறாள், சிரித்துக்கொண்டே வருகிறாள். மார்க்கும் ஏறியிருக்கிறது. ஆனால் போன வாரம் அவள் அப்பா, "அரை லிட்டர் பாலைக் கால் லிட்டர் டம்ளரில் ஊற்றினால் எத்தனை டம்ளர் வரும்?" என்று கேட்டார். யோசிக்காமல் "ரெண்டு" என்றாள். அடுத்து ½ ÷ ¼ என்று எழுதிக் காட்டினார். குட்டிக்கரணம் போட்டு அதற்கும் 2 என்று எழுதினாள். இரண்டும் ஒரே கணக்குதான் என்று சொன்னால் ஒத்துக்கொள்ள மாட்டேன் என்கிறாள். "அது பால், இது பின்னம்" என்று வாதம். டியூஷனை நிறுத்திவிடலாமா என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

வகுமீதி:
உங்கள் கணவர் கேட்டது மிகச் சரியான கேள்வி மேடம். நான் பொறியியல் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குக் கணிதம் எடுக்கிறேன். குட்டிக்கரணம் மட்டும் கற்ற பிள்ளைகள்தான் வளர்ந்து எங்கள் வகுப்புக்கு வருகிறார்கள். சூத்திரம் வாயில் இருக்கும், அதை எந்த இடத்தில் போடுவது என்று தெரியாது.

கணக்கில் எதை முதலில் செய்வது என்று நினைவூட்டும் போட்மாஸ் (BODMAS) என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 − 4 + 3 எவ்வளவு? அந்தச் சொல்லில் கூட்டலின் எழுத்து கழித்தலின் எழுத்துக்கு முன்னால் நிற்கிறது. அதனால் பிள்ளை முதலில் 4 + 3 = 7 என்று போட்டு, 10-இல் கழித்து 3 என்று எழுதும். விடை 9. கூட்டலும் கழித்தலும் சம அந்தஸ்து உள்ளவை, இடமிருந்து வலமாகப் போக வேண்டும் என்ற முக்கியமான செய்தி அந்தச் சொல்லுக்குள் இல்லவே இல்லை. "பத்தால் பெருக்கினால் ஒரு சைபர் சேர்" என்பதும் இப்படித்தான். தசமம் வந்ததும் 2.5 × 10 = 2.50 என்று எழுதுவார்கள். 2014-இல் அமெரிக்கக் கணிதக் கல்வியாளர்கள் மூன்று பேர் இதுபோன்ற 13 விதிகளைத் தொகுத்து, இவையெல்லாம் காலாவதியாகும் விதிகள் என்று எழுதினார்கள். கீழ் வகுப்பில் ஓடும், மேல் வகுப்பில் கவிழ்க்கும். கவிழ்த்த பிறகு அதை மனதிலிருந்து எடுப்பது லேசான வேலை இல்லை.

கரும்பலகை:
வகுமீதி சார், உங்கள் வகுப்புக்கு வருகிறவர்கள் கணக்கில் பன்னிரண்டாம் வகுப்பு வரை தாக்குப்பிடித்தவர்கள். நான் விழுப்புரம் பக்கம் அரசு தொடக்கப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். தாக்குப்பிடிக்காதவர்கள் எந்த இடத்தில் விழுகிறார்கள் என்பதை நான் பார்க்கிறேன். கணக்கு நோட்டை எடுத்ததும் வாயை இறுக மூடிக்கொள்ளும் பிள்ளைக்கு "ஏன்" என்ற விளக்கம் காதில் ஏறாது. முதலில் அது வாய் திறக்க வேண்டும்.

2022-இல் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்த பிறகு ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாட்டு, கதை, பொம்மலாட்டம் எல்லாம் பாடத்துக்குள்ளேயே வந்துவிட்டன. என் வகுப்பில் ஒரு கைப்பாவை உண்டு. அது தப்புத் தப்பாக எண்ணும். ஏழு புளியங்கொட்டையை எண்ணும்போது ஒன்றை இரண்டு தரம் தொட்டு "எட்டு" என்று சொல்லும். வகுப்பே சிரித்து, "இல்லை, அதை ரெண்டு வாட்டி எண்ணிட்ட!" என்று கத்தும். அந்தச் சிரிப்பு எப்படி வந்தது? ஒரு பொருளை ஒரு முறைதான் எண்ண வேண்டும் என்று தெரிந்த பிள்ளைக்குத்தானே சிரிப்பு வரும்? இதை வெளிநாட்டிலும் சோதித்திருக்கிறார்கள். 1983-இல் ரோச்செல் கெல்மனும் எலிசபெத் மெக்கும் பாவையைத் தப்பாக எண்ணவிட்டு மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் காட்டினார்கள். தாங்களே எண்ணித் தடுமாறும் வயதுப் பிள்ளைகள் பாவையின் தப்பைக் கண்டுபிடித்தார்கள். சிரிப்பு வந்தால் கணக்கு போய்விடும் என்பது எல்லா இடத்துக்கும் பொருந்தாது சார்.

வகுமீதி:
டீச்சர், பாவை விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. அங்கே சிரிப்பின் காரணமே கணக்குதான். "பின்னாடி நிக்கிறவன் குட்டிக்கரணம் போடுவான்" என்பதில் சிரிப்பு ஒரு பக்கம், கணக்கு இன்னொரு பக்கம். பிள்ளைக்குக் குட்டிக்கரணம்தான் நினைவில் நிற்கும். 1998-இல் ஹார்ப், மேயர் என்ற இரண்டு ஆய்வாளர்கள் மின்னல் எப்படி உண்டாகிறது என்ற பாடத்தில் சுவையான, ஆனால் விளக்கத்துக்குத் தொடர்பில்லாத துணுக்குகளைச் சேர்த்துப் படிக்கக் கொடுத்தார்கள். துணுக்கு இல்லாமல் படித்தவர்களே விளக்கத்தை நன்றாக நினைவில் வைத்திருந்தார்கள். சுவை கூடினால் பாடம் தானாகப் பதியும் என்று நினைப்பது தவறு.

கரும்பலகை:
தொடர்பில்லாத சுவை கெடுக்கும், சரி. தொடர்புள்ள சுவை? இஸ்ரேலில் ஆவ்னர் ஸிவ் 1988-இல் வெளியிட்ட ஆய்வு புள்ளியியல் வகுப்பில் நடந்தது. பாடக் கருத்தோடு ஒட்டிய நகைச்சுவையை அளவாகச் சேர்த்து நடத்திய பிரிவு தேர்வில் மற்றப் பிரிவைவிட நன்றாகச் செய்தது.

வகுமீதி:
அவர்கள் கல்லூரி மாணவர்கள் டீச்சர். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு அதை அப்படியே பொருத்த முடியாது.

குற்றாலச்சாரல்:
இரண்டு பேரும் ஆராய்ச்சி பேசுகிறீர்கள். என் மகன் எட்டாம் வகுப்பு, என்எம்எம்எஸ் (NMMS) என்ற உதவித்தொகைத் தேர்வுக்குத் தயாராகிறான். 90 கேள்வி, 90 நிமிடம், அதுபோல இரண்டு தாள். ஒரு கேள்விக்கு ஒரு நிமிடம். அங்கே உட்கார்ந்து பால் டம்ளரை நினைத்துக்கொண்டிருக்க முடியுமா? தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்பு வரை உதவித்தொகை. எங்களைப் போன்ற குடும்பத்துக்கு அது பெரிய விஷயம். குறுக்குவழி தெரிந்த பிள்ளை முன்னே போகும், அவ்வளவுதான்.

நம் முன்னோர் குறுக்குவழியில் கெட்டிக்காரர்கள். செங்கோண முக்கோணத்துக்கு வர்க்கமூலமே வேண்டாம் என்று ஒரு பாட்டு வாட்ஸாப்பில் வந்தது: ஓடும் நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒன்றைத் தள்ளி, குன்றத்தில் பாதியைச் சேர்த்தால் கர்ணம். ஓடும் நீளம் என்பது பெரிய பக்கம், குன்றம் என்பது சிறிய பக்கம். 8, 6 போட்டுப் பாருங்கள். எட்டில் ஒரு கூறு போக 7, ஆறில் பாதி 3, கூட்டினால் 10. சரியாக வருகிறது. 12, 5 போட்டால் பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. என் மகன் இதைக் கற்றுக்கொண்டு வேகமாகப் போடுகிறான்.

வகுமீதி:
ஐயா, தயவுசெய்து உங்கள் மகனிடம் 15, 8 என்ற பக்கங்களைக் கொடுங்கள். பாட்டின்படி 13.125 + 4 = 17.125 வரும். உண்மையான கர்ணம் 17. 24, 7 கொடுங்கள். பாட்டு 24.5 என்று சொல்லும், உண்மை 25. இரண்டு பக்கமும் 1 என்றால் பாட்டு 1.375, உண்மை 1.414.

அந்த விதியையும் பிதாகரஸ் தேற்றத்தையும் சமப்படுத்தி இருபக்கமும் வர்க்கப்படுத்தினால் ஒரு இருபடிச் சமன்பாடு வரும். அதற்கு இரண்டே தீர்வு: சிறிய பக்கத்துக்கும் பெரிய பக்கத்துக்கும் உள்ள விகிதம் 3:4, அல்லது 5:12. இந்த இரண்டு வடிவங்களுக்கு மட்டும் விதி துல்லியம். மற்ற எல்லாவற்றுக்கும் தோராயம். உங்களுக்கு வந்த உதாரணங்கள் 8, 6 என்றும் 12, 5 என்றும் இருந்ததற்குக் காரணம் இதுதான். கயிறு போட்டு நிலம் அளக்கிறவருக்கு இந்தத் தோராயம் நல்ல உதவி, அதை நான் குறைத்துப் பேசவில்லை. தேர்வில் விடைகளாக 17, 18 என்று கொடுத்திருந்தால் பிள்ளை தப்பித்துவிடும். 24.5, 25 இரண்டும் கொடுத்திருந்தால்? எப்போது உடையும் என்று தெரியாத விதியைப் பிள்ளை கையில் கொடுத்து அனுப்புவதுதான் எனக்குக் கவலை.

ஓலைச்சுவடி:
வாட்ஸாப்பில் வருகிற ஒரு பாட்டை வைத்து நினைவாற்றலையே குற்றவாளி ஆக்கிவிட வேண்டாம். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள் எண்சுவடி என்ற வாய்ப்பாட்டு நூலை மனப்பாடம் செய்தார்கள். முழு எண் மட்டும் இல்லை, அரை, கால், அரைக்கால், மாகாணி, காணி, முந்திரி என்று 320-இல் ஒரு பங்கு வரை பின்னத்துக்கே வாய்ப்பாடு இருந்தது. அந்தப் பிள்ளை பின்னாளில் நெல் அளந்தது, கூலி பிரித்தது, நிலத்துக்குக் கணக்கு எழுதியது. இந்த மகளுக்கு "அது பால், இது பின்னம்" என்று தோன்றுகிறதே, அவர்களுக்கு அப்படித் தோன்ற வழியே இல்லை. பின்னம் என்றாலே படியும் மரக்காலும்தான்.

கணக்கதிகாரம் என்ற பழைய தமிழ்க் கணக்கு நூலில் வட்டத்தின் பரப்புக்கு ஒரு சூத்திரம் உண்டு:
"வட்டத்தரை கொண்டு விட்டத்தரை தாக்கச் சட்டெனத் தோன்றும் குழி."
சுற்றளவில் பாதியை விட்டத்தில் பாதியால் பெருக்கு, பரப்பு வந்துவிடும். ஒரு காகித வட்டத்தைப் பதினாறு துண்டாக வெட்டி, ஒன்று மேல்நோக்கி, ஒன்று கீழ்நோக்கி என்று பக்கத்தில் பக்கத்தில் அடுக்குங்கள். ஏறக்குறைய ஒரு செவ்வகம் கிடைக்கும். நீளம் அரைச் சுற்றளவு, அகலம் ஆரம். துண்டுகள் மெலிய மெலிய அது செவ்வகமாகவே ஆகும். பாட்டு சொல்வதும் காகிதம் சொல்வதும் ஒன்றேதான். பை ஆர் ஸ்கொயர் என்று ஒப்பிக்கும் பிள்ளைக்கு இந்தப் படம் கண்ணில் வருமா? பாட்டு என்பதாலேயே அது கண்மூடித்தனம் ஆகிவிடாது.

வகுமீதி:
அழகான உதாரணம். ஆனால் அந்தக் காகிதத்தை வெட்டிக் காட்டியது நீங்கள், பாட்டு இல்லை. பாட்டு மட்டும் கேட்ட பிள்ளைக்குக் "குழி" எங்கிருந்து வந்தது என்று தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். திண்ணைப் பள்ளி மனப்பாடத்தோடு கோதண்டமும் இருந்தது. பிள்ளையைக் கட்டித் தொங்கவிட்டார்கள். அங்கே படிக்க இடமே கிடைக்காத பிள்ளைகள் எத்தனை பேர்!

ஓலைச்சுவடி:
அந்த முறையைத் திரும்பக் கொண்டுவரச் சொல்லவில்லை. அடி இல்லாமலும் மனப்பாடம் செய்யலாம், அந்த டியூஷன் அக்கா அதைத்தானே செய்கிறார்? "ஏழெட்டு ஐம்பத்தாறு" என்று வாயில் வந்துவிட்டால் மனம் அடுத்த படியைப் பற்றி யோசிக்கும். அதற்கே விரல்விட்டுக் கூட்டிக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு நீள்வகுத்தலில் எந்தப் படியில் நிற்கிறோம் என்பதே மறந்துபோகும்.

கரும்பலகை:
இதில் ஓலைச்சுவடி ஐயா பக்கம்தான் நான். வித்தையைக் கற்றுக்கொடுத்த கையோடு அதைக் கேள்வியாக மாற்றிவிட வேண்டும். ஒன்பதாம் வாய்ப்பாட்டு விரல் வித்தையில் நான்காம் விரலை மடக்கினால் இடப்பக்கம் 3, வலப்பக்கம் 6, ஆக 36. "ஏன்டா கண்ணு, விரலுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்பேன். பிள்ளைகள் விரலை முறைத்துப் பார்ப்பார்கள். பத்து நான்கு 40, அதில் ஒரு நான்கைத் திருப்பிக் கொடுத்தால் மூன்று பத்தும் ஆறும். மடக்கிய விரல் ஒரு பத்தை உடைத்துவிட்டது. இதை ஒரு பிள்ளை கண்டுபிடித்துச் சொல்லும்போது வகுப்பில் எழும் சத்தம் எந்த ஜோக்குக்கும் வராது.

சென்னை முத்தியால்பேட்டைப் பள்ளியில் கணக்கு எடுத்த பி.கே. சீனிவாசன் ஐயா மாதக் காலண்டரை வைத்தே எத்தனையோ விளையாட்டு காட்டியிருக்கிறார். காலண்டரில் எந்த இடத்திலாவது மூன்றுக்கு மூன்றாக ஒன்பது தேதியைச் சுற்றி ஒரு கட்டம் போடச் சொல்லுங்கள். நடு எண்ணை மட்டும் கேட்டுவிட்டு மொத்தத்தைச் சொல்லிவிடலாம், நடு எண்ணை 9-ஆல் பெருக்கினால் போதும். நடு எண் 16 என்றால் 144. பிள்ளை வாய் பிளக்கும், காரணத்தையும் அதுவே தேடும். எதிரெதிர் மூலைகளைக் கூட்டிப் பார்த்தால் எப்போதும் நடு எண்ணின் இரு மடங்கு.

ஒரு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். ஒரு பிள்ளையின் தப்பான விடையைக் காட்டி வகுப்பைச் சிரிக்கவைப்பது நகைச்சுவை இல்லை. பாவையின் தப்பைப் பார்த்துச் சிரிக்கலாம், டீச்சரின் தப்பைப் பார்த்தும் சிரிக்கலாம். பிள்ளையின் தப்பு சிரிப்புக்கு உரியது இல்லை. ஒரு தடவை அப்படிச் சிரித்தால் அந்தப் பிள்ளை அதற்கப்புறம் கையே தூக்காது. மதுரை அக்கா, டியூஷனில் இது நடக்கிறதா என்று மட்டும் மகளிடம் கேட்டுப் பாருங்கள். நடந்தால் யோசிக்காமல் நிறுத்துங்கள்.

குற்றாலச்சாரல்:
15, 8 கொடுத்தேன். 17.125 என்றுதான் போட்டான். "அப்பா, இது பாயிண்டில் வருதே" என்று அவனே நின்றான். 3-4-5, 5-12-13, 8-15-17, 7-24-25 இந்த நான்கையும் மனப்பாடம் செய்யச் சொல்லியிருக்கிறேன். வேகமும் வேண்டும் சார், அதை நான் விட மாட்டேன். ஆனால் இந்த நான்கும் எங்கேயும் உடையாது.

வகுமீதி:
உடையாது. மடங்குகளும் சேர்ந்துகொள்ளும், 6-8-10 மாதிரி. இப்படிப்பட்ட மனப்பாடத்துக்கு நான் எதிரி இல்லை.

மதுரைக்காரி:
கேட்டேன் டீச்சர். அங்கே யாரையும் கேலி செய்வதில்லையாம், "அக்காதான் தப்பு தப்பா போட்டு எங்களைக் கண்டுபிடிக்கச் சொல்வாங்க" என்றாள். அதனால் டியூஷன் தொடரட்டும் என்று முடிவு செய்துவிட்டோம். ஆனால் குட்டிக்கரணத்துக்கு என்ன செய்வது? இந்த வாரம் புதிதாக இன்னொன்றும் வந்திருக்கிறது. மைனஸை மைனஸால் பெருக்கினால் "எதிரிக்கு எதிரி நண்பன்", அதனால் பிளஸ்ஸாம்.

கரும்பலகை:
குட்டிக்கரணத்துக்குப் பால் டம்ளரே போதும் அக்கா. ஒரு லிட்டரில் எத்தனை கால் லிட்டர்? நான்கு. அப்படியென்றால் அரை லிட்டரில்? நான்கில் பாதி. ¼-ஆல் வகுப்பதும் 4-ஆல் பெருக்குவதும் ஒன்றாகிவிட்டது, பாருங்கள். அடுத்து ⅔ லிட்டர் சொம்பு எடுங்கள். ஒரு லிட்டரில் அது ஒன்றரை முறை போகும். ஒன்றரை என்றால் 3/2. அங்கேதான் தலைகீழ் ஆகிறது. இதை ஊற்றிப் பார்த்த பிறகு அவள் தாராளமாகக் குட்டிக்கரணம் போடட்டும்.

வகுமீதி:
"எதிரிக்கு எதிரி" விஷயத்தில் கவனம் மேடம். அதை நம்பிய பிள்ளை −3 + −2 என்று பார்த்ததும் இரண்டு எதிரிகள் சேர்ந்தார்கள், +5 என்று எழுதும். கல்லூரியிலும் இதைத் திருத்தியிருக்கிறேன். ஜோக்கைச் சொல்வதற்கு முன்னால் ஒரு தாளில் இந்த நான்கு வரியை எழுதிக் கொடுங்கள்:
3 × −2 = −6
2 × −2 = −4
1 × −2 = −2
0 × −2 = 0
ஒவ்வொரு வரிக்கும் விடை எவ்வளவு கூடுகிறது என்று கேளுங்கள். இரண்டு இரண்டாக என்று சொல்வாள். பிறகு கீழே −1 × −2 என்று மட்டும் எழுதிப் பேனாவை அவள் கையில் கொடுத்துவிடுங்கள். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம்.